பாரி வண்டியில் போகாது

எங்கள் தெரு அம்மன் கோவில் புரட்டாசிப் பொங்கலைப் பற்றி இப்போது யார் பேச்செடுத்தாலும் காலேஜ் பையன்களில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் காலேஜில் பாடம் நடத்துகிறவள் நான். அந்தப் பொங்கலில் முளைப்பாரி எடுக்கிறவளும் நான்தான். இரண்டும் ஒரே ஆள் என்பது சிலருக்குச் செரிப்பதில்லை.

தெரு ஸ்ரீவில்லிபுத்தூரின் ஓரத்தில் இருக்கிறது. காலேஜ் இராஜபாளையம் பக்கம். பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் மில்லுக்குப் போகிறவர்கள். புரட்டாசி வந்தால் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொள்வார்கள். காப்புக் கட்டின அன்று கோவில் பக்கத்து இருட்டறையில் சட்டி சட்டியாக எருவும் வைக்கோலும் போட்டு, பாசிப்பயறும் தட்டாம்பயறும் சோளமும் தெளித்து மூடிவைப்போம். வெயில் படாமல் வளர்கிற பயிர் என்பதால் வெளிறின மஞ்சளாக, முழ உயரத்துக்கு மேலே, சாய்ந்தால் ஒடிகிற மாதிரி நிற்கும். செவ்வாய்க்கிழமை பொங்கல். புதன்கிழமை சாயங்காலம் பாரியைத் தலையில் வைத்து முக்கு ரோட்டில் இறக்கி, சுற்றி நின்று கும்மி கொட்டிவிட்டுக் கண்மாயில் கரைப்போம். முக்கில் இருக்கிற டெய்லர் அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வருஷம் தவறாமல் அவர் வீட்டு வாசலில் எங்களுக்குப் பானக்கம் இருக்கும்.

காலேஜ் பையன்கள் முதலில் அன்னதானத்துக்குத்தான் வந்தார்கள். ஹாஸ்டல் சோறு சாப்பிட்டுச் செத்த நாக்கு, பாவம் என்று நாங்களே இலை போட்டோம். பிறகு யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து, சேத்தூரிலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் பைக்கில் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். போன வருஷம் சைலன்சரைக் கழற்றின வண்டிகளை உறுமவிட்டுக்கொண்டு பாரிக்கு நடுவில் புகுந்தார்கள். மேளக்காரர்களிடம் சினிமாப் பாட்டு கேட்டு ஆடினார்கள். ஒருத்தன் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளையின் காதருகில் ஹாரனை அமுக்க, அவள் திடுக்கிட்டு உதறினதில் சட்டி விழுந்து உடைந்தது. அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து பயிரைப் பாவாடையில் அள்ளினாள். பாரி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் தெருவில். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

நான் கும்மி கொட்டினதையும் ஒருவன் படம் எடுத்திருந்தான். அடியில் ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். அடுத்த நாள் வகுப்பில் நான் போர்டு பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பாட்டை முனகினார்கள். போட்டுக்கொண்டிருந்த கணக்கை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

இந்த வருஷம் காப்புக் கட்டின மறுநாள் கோவிலில் கூட்டம் போட்டார்கள். கமிட்டித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. போன வருஷம் அந்தப் பிள்ளையை ரோட்டிலிருந்து தூக்கிவிட்டவர் அவர்தான். கெட்ட மனுஷர் இல்லை, பயந்துபோயிருந்தார். மறுபடி கலாட்டா ஆனால் அடுத்த வருஷம் அனுமதி கிடையாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்களாம். அதனால் பாரியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி நேராகக் கண்மாய்க்குக் கொண்டுபோவது, முக்கில் கும்மி கிடையாது, குமரிப் பிள்ளைகள் வீட்டோடு இருக்க வேண்டியது என்று முடிவாகியிருந்தது. பெண்கள் சலசலத்தார்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ அங்கதான வேல பாக்க. ஒன் பிள்ளைகள நீதான அடக்கணும்?"

பக்கத்தில் இருந்த மதினி, என் அண்ணன் மனைவி, என் கையைப் பிடித்து அழுத்தினாள். கூட்டம் கலைந்தது.

இரண்டு நாள் கழித்துத் துறைத்தலைவர் கூப்பிட்டார். போன வருஷ வீடியோ இப்போது நிர்வாகம் வரைக்கும் போய்விட்டது என்றார். ஆசிரியர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறதே, ரோட்டில் ஆடினால் வகுப்பில் பையன்கள் எப்படி மதிப்பார்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டுக்குள் கும்பிடலாமே என்றார்.

"பாரி இருட்டுக்குள்ளதான் சார் வளரும். போறது ரோட்டுலதான்" என்றேன்.

பாரி எடுக்கிற புதன்கிழமைக்கு அரைநாள் லீவு கேட்டேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போடச் சொன்னார். முளைப்பாரி என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றைக்கு வகுப்பு முடிகிற நேரத்தில் பையன்களிடமும் சொன்னேன். போன வருஷ வீடியோவில் இருப்பது நான்தான், இந்த வருஷமும் கும்மி கொட்டுவேன், பார்க்க வருகிறவர்கள் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள் என்றேன். சிலர் சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் சிரிக்கவில்லை. பாட்டை முனகினவன் என்று நான் சந்தேகப்பட்ட பையன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

புதன்கிழமை மேற்கே மலைமேல் கருமேகம் இறங்கியிருந்தது. குட்டியானை வண்டி வாழை மரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, மணப்பெண் மாதிரி நின்றது. பின்கதவைத் திறந்துவைத்து சித்தப்பா பக்கத்தில் நின்றார். இருட்டறையிலிருந்து முதலில் மதினி வந்தாள். தலையில் பாரி. நேரே நடந்து வண்டியைத் தாண்டிப் போனாள். அடுத்தது நான். எனக்குப் பின்னால் போன வருஷம் சட்டி உடைந்த அந்தப் பிள்ளை. அவளை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். புதுச் சட்டியோடு வந்துவிட்டாள்.

சித்தப்பா ஓடிவந்து மறித்தார். "ஏட்டி, சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு மாமா" என்றாள் மதினி. பாரி அசையாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். "நாங்கதான் விரதம் இருந்தோம். வண்டியா விரதம் இருந்துச்சு?"

அவர் விலகவில்லை. நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனோம். ஒருத்திகூட வண்டிப் பக்கம் ஒதுங்கவில்லை. டிரைவர் பின்கதவைச் சாத்தினார்.

முக்கு ரோட்டுக்கு நாங்கள் வரவும் எதிரே பைக்குகள் வரவும் சரியாக இருந்தது. நடந்து வந்தவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. என் வகுப்புப் பெண் பிள்ளைகள் டெய்லர் அக்கா வாசலில் நின்றார்கள். ஆனால் வண்டிக் கூட்டம்தான் பெரிது. விசில், ஹாரன். மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் அடியை மாற்றப் பார்த்தார்கள். மதினி அவர்களை நிறுத்தச் சொன்னாள். நடு ரோட்டில் பாரிகளை இறக்கி வைத்தோம். சுற்றி நின்றோம். மதினி பாட்டை எடுத்தாள். மேளம் இல்லாமல் கைத்தட்டு மட்டும். மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டைகள் அவை. வண்டி உறும உறும நாங்களும் ஏற்றினோம்.

முன்னால் நின்ற பைக்கில் அந்தக் கடைசி பெஞ்சுப் பையன். நான் சுற்றில் அவன் பக்கம் வந்தபோது, "மேம், வழி விடுங்க மேம்" என்றான்.

"பாட்டு முடியட்டும். வண்டிய அமத்து."

கொட்டுவதை நிறுத்தாமலேதான் சொன்னேன். அவன் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான். அவன் பக்கத்தில் இரண்டு மூன்று வண்டிகள் அடங்கின. சிலர் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். கடைசியில் இரண்டு பேர் மட்டும் ஹாரனை விடவே இல்லை. இதற்குள் ஒரு டவுன் பஸ்ஸும் வந்து மாட்டியிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார். ஆட்கள் இறங்கி வந்து நின்றார்கள். பாட்டு முடிய வேண்டிய இடத்தில் மதினி முடிக்கவில்லை. மறுபடி முதல் அடியை எடுத்தாள். நானும் கொட்டினேன். கை எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சத்தமாக நான் பாடினதில்லை.

ஹாரன் எப்போது ஓய்ந்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பாரியைத் தூக்கும்போது இல்லை. கண்மாய்க்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வலிக்கிற முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம். அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கி, தன் பாரியைக் கடைசியாகத்தான் விட்டாள்.

பையன்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். நான் கும்மி கொட்டிக்கொண்டே வண்டியை அமர்த்தச் சொல்கிற வீடியோ மறுநாளே வந்துவிட்டது. அதற்கும் ஒரு சினிமாப் பாட்டைத்தான் போட்டிருந்தார்கள். சித்தப்பா தன் பேச்சை யாரும் மதிப்பதில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷனுக்கு மட்டும் போய், சண்டை ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

காலேஜில் மறுபடி கூப்பிட்டார்கள். இனி இப்படிப் பொது இடத்தில் ஆடமாட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பிரச்சினை முடிந்துவிடும் என்றார் துறைத்தலைவர். பேனாவையும் அவரே நீட்டினார். எனக்கு வகுப்பு இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. கேட்டாலும் எழுதுவதாக இல்லை.