பந்தியில் நாதஸ்வரம்

ஏற்காடு பஜாரில் வீடியோக் கடை வைத்திருந்த அந்த மனிதரை நான் நம்பவில்லை. தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஹெட்போன். அதிலும் ஒரு காதை மட்டுமே மூடியிருப்பார். இன்னொரு காது நம் பக்கம் திறந்தே இருக்கும்.

என் தங்கை கல்யாண வீடியோவைப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். பந்தி வந்தது. எல்லார் வாயும் அசைந்தது, கேட்டதோ நாதஸ்வரம்.

"ஏனுங்க, பேச்சுச் சத்தமே காணோமே?"

"சரியாப் பதியலீங்க," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி ஏதோ பேசியிருக்கிறார்கள், இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு மறைத்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அவர் டீ வாங்க வெளியே போனதும் மவுஸைப் பிடித்தேன். திரையின் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருந்தது. அழுத்தியதும் மறைந்திருந்த பட்டை ஒன்று விரிந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு அதில் அடிமட்டத்தில் கிடந்தது. மேலே இழுத்தேன்.

"மாப்பிள்ளை மூஞ்சியப் பாரு, கருவாடாட்டம். நம்ம புள்ளைக்கு இவனா கெடச்சான்?"

என் அம்மாவின் குரல்.

டீயோடு வந்தவர் கோபப்படவில்லை. கோட்டைப் பழையபடி கீழே இறக்கினார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்கும் ஒரு கேசட்டு போகுதுங்களே," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதையும் அவர்தான் செய்து கொடுத்திருந்தார். பந்தியில் என் மாமியார் பக்கத்து இலைக்காரியிடம் சாய்ந்து, என் பக்கம் கையைக் காட்டி, நெடுநேரம் ஏதோ சொல்கிறார். கேட்பதெல்லாம் நாதஸ்வரம்.