சிரிக்காத இருவர்

மழையில் மக்கிய தென்னங்கீற்றின் வாடை, நேற்று மன்னார்குடிச் சாலை டீக்கடையில் அடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையும் இப்படித்தான் நாறும். புதுப்படப் பெட்டி வராத நாளில் பழைய வெள்ளைக்கார ஊமைப்படம் ஒன்றை ஓட்டுவார்கள். அடுத்த வீட்டுக்காரியோடு கொஞ்சுகிறவன், அவள் புருஷன் கதவைத் தட்டியதும் பீரோவுக்குள் ஒளிவான், குட்டைச்சுவர் பிரித்த ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேர்ந்து வெடித்துச் சிரிக்கும். ஒருநாள் அந்தப் பக்கம் அப்பாவும், இந்தப் பக்கம் எங்கள் அடுத்த வீட்டுக் கமலாவும் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஊரே சிரிச்சுது. நீங்களும் அவளும் மட்டும் ஏங்க சிரிக்கல?" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

குத்தகைத் தகராறில் கொட்டகை நின்ற நிலத்தில் விவசாயச் சங்கத்தார் கொடி நட்டு, அதைப் பிரித்தபோது, அம்மா அந்தக் கீற்றையே வாங்கிவந்து எங்கள் கொல்லைக்கும் கமலா வீட்டுக் கொல்லைக்கும் நடுவே மறைப்புத் தட்டி கட்டினாள். மழை விட்டதும் வீடெல்லாம் நாறும். அப்பா மட்டும், வெட்கங்கெட்டு, நாற்காலியை அந்தத் தட்டியோரமாகவே இழுத்துப் போட்டுக்கொள்வார்.