கொட்டகைச் சுவருக்குப் பின்னால் வீசிய காற்று

எழுபதுகளின் கடைசியில் நான் கப்பற்படையில் இருந்தேன். சேலம் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பிலிருந்து போனவன். அதே கப்பலில் ஜேடர்பாளையத்துக்காரன் ஒருவன் எனக்கு நண்பன். கப்பலின் பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். அதற்கு முன்னால் ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகை, பெட்டி மாதிரி உயரமாக. ஹெலிகாப்டர் இறங்கியதும் ஓடிப்போய்ச் சங்கிலியால் கட்டுவது எங்கள் வேலை.

அவன்தான் கவனித்தான். கொடிமரத்தில் கொடி பின்னோக்கிப் பறந்தபோது, தளத்தில் அவன் கட்டிய கிழிந்த துணி கொட்டகைச் சுவரைப் பார்த்துத் துடித்தது.

"எங்கூரு அணையத் தாண்டி வுழுகற தண்ணி திரும்பிச் சொவுத்துக்கே வந்து சொழட்டுமுல்ல, அதே மாரிதான். எதுர்காத்து பலமா இருக்கறப்ப எறங்குனா அமுக்கி உட்டுரும் பாரு."

அதிகாரியிடமும் சொன்னான். கப்பலைக் கட்டியவர்களைவிட உனக்குத் தெரியுமா என்று அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் அது நடந்தது. பலத்த எதிர்காற்று. தளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இருந்த ஹெலிகாப்டர் திடீரென்று கீழே விழுந்து பக்கவாட்டில் சறுக்கியது. சங்கிலியோடு நின்ற என் நண்பனின் காலில் சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று விசாரணையில் எழுதினார்கள். அவன் எங்களுக்காகத் தளத்தில் போட்டிருந்த கோட்டுக்குள், என் பக்கத்தில்தான் நின்றான். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். அவர்கள் எழுதியதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த விடுப்பில் ஜேடர்பாளையம் போனேன். அவன் மனைவி, "ஊட்டுக்குள்ள வாங்க" என்று பாய் விரித்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ சொன்னதுதான் சரி. இப்ப பலத்த எதிர்காத்துன்னா கப்பலைக் கொஞ்சம் திருப்பிட்டுத்தான் இறக்குறாங்க" என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப எம்மேல எழுதுனத அடிச்சுட்டாங்களா?"

"இல்ல."

"அதுல ஆரு சாச்சி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான்."

வேட்டி நுனியை இழுத்து முழங்காலை மூடினான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னான்: "ஏம்புள்ள, காப்பி வெக்க வேண்டாம். அவரு கெளம்பறாராமா."

கிளம்புகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அவன் வாயிலிருந்து எனக்கு 'அவரு' வந்ததும் அன்றுதான். எழுந்து செருப்பை மாட்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை.