பதினாறு சீட்டுக்கு ஒரு பெரியம்மா

என் பெரியம்மாவுக்குத் திரைச்சீலை தைப்பது தொழில். கடைத்தெருவில் ஒரு சின்ன அறை, இரண்டு தையல் இயந்திரம், தரையெல்லாம் துணி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களைப் பார்ப்பாள். குனிந்து குனிந்து துணி வெட்டியதில் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. தண்ணீரில் இறங்கி நீந்தச் சொன்னார் டாக்டர்.

நீச்சல்குளம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பெரியம்மாவுக்குத் தனியாக எதையும் செய்து பழக்கமில்லை. ஒரே வாரத்தில் தெருவிலிருந்த முழங்கால் வலிக்காரர்களையெல்லாம் திரட்டிவிட்டாள். அதில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் உண்டு. நாலு பேர் கூடினால் தானே தலைமை தாங்கிவிடுவார் என்பதால் அவருக்குப் பெயரே தலைவர். பக்கத்துப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் சும்மா நிற்கும் தன் மினிபஸ்ஸைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஓட்டுவதற்கு என் மாமா, அதாவது பெரியம்மாவின் தம்பி, முன்வந்தார். மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்பவர். காரை நன்றாகவே ஓட்டுவார்.

"கார் என்ன, பஸ் என்னக்கா? எல்லாத்துக்கும் ஸ்டியரிங் வட்டமாத்தான் இருக்கு" என்றார் மாமா.

சில சனிக்கிழமைகள் சந்தோஷமாகக் கழிந்தன. ஒரு சனிக்கிழமை பாலத்தருகே போலீஸ்காரர் கை காட்டினார். மாமா ஒய்யாரமாக நிறுத்தி லைசென்ஸை நீட்டினார். போலீஸ்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது காருக்கு சார்."

"ஆமா. இதையும் நல்லாத்தான் ஓட்டுவேன்."

"நல்லா ஓட்டுறீங்களான்னு கேக்கல. இந்த லைசென்ஸுக்கு டிரைவரைத் தவிர எட்டு சீட்டுதான். இதுல பதினாறு இருக்கு."

தலைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அவ்வளவுதானே? மிச்சப் பேர் எறங்கிடறோம். கணக்கு சரியாயிடும்."

"நாங்க ஆளை எண்ணல சார், சீட்டைத்தான் எண்ணுவோம்."

"அப்ப ஆளே இல்லாம வெறும் வண்டிய ஓட்டினாக்கூட தப்பா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"தப்புதாம்மா."

"சீட்டைக் கழட்டி ரோட்டோரமா வெச்சுட்டா?"

போலீஸ்காரர் ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். பிறகு, யோசித்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தவர் போல, "எல்லாரும் எறங்குங்க!" என்றார். அபராதம் எழுதினார். பள்ளிக்கூடத்து டிரைவர் விடுமுறையும் அதுவுமாக முணுமுணுத்துக்கொண்டே வந்து வண்டியை எடுத்துப்போனார். தோளில் துண்டும் தலையில் நீச்சல் தொப்பியுமாக ஒரு கூட்டம் நொண்டி நொண்டிப் பாலத்தைக் கடந்ததை ஊரே நின்று பார்த்தது.

அன்று மாலை கடையில் கூட்டம் போட்டார்கள். தலைவர்தான் விசாரித்துவிட்டு வந்திருந்தார். மினிபஸ்ஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அதற்கு உடல் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு என்று மூன்று படி உண்டு. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கூரையிலிருந்த ஃபேனைப் பார்த்தார். கார் லைசென்ஸையே நாலாவது முயற்சியில் வாங்கியவர் அவர்.

"அந்த ஆபீஸ் படிய நான் இன்னொரு தடவை மிதிக்க மாட்டேன். கழுத்த அறுத்தாலும் மாட்டேன்."

"உன் கழுத்து யாருக்குடா வேணும்?" என்றாள் பெரியம்மா. "நான் வாங்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். துணி கொண்டுபோகிற சின்ன வேனை வருஷக்கணக்காக ஓட்டுகிறவள்தான். ஆனால் அந்த வேனில் பின்னால் இருப்பது துணி. துணி எதற்கும் அலறாது.

உடல் பரிசோதனையிலேயே சிக்கல். ரத்த அழுத்தம் எகிறி நின்றது. டாக்டர் மறுபடி பார்த்தார், இன்னும் ஏறியிருந்தது. "ஏதாவது கவலையாம்மா?" என்றார்.

"உங்க ஜன்னல் திரையை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டியிருக்கீங்க டாக்டர். வந்ததுலேர்ந்து அதையேதான் பாத்துட்டிருக்கேன்."

டாக்டர் அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். அழுத்தம் இறங்கிவிட்டது. போகும்போது திரையைக் கழற்றி நேராக மாட்டிவிட்டுத்தான் போனாள்.

எழுத்துத் தேர்வுக்குத் தைத்துக்கொண்டே படித்தாள். கேள்விகளைச் சத்தம் போட்டு வாசிப்பாள், வாடிக்கையாளர்கள் பதில் சொல்ல வேண்டும். அளவு கொடுக்க வந்த ஒரு புதுமணப்பெண், மூடுபனியில் எந்த விளக்கைப் போட வேண்டும் என்று தெரியாமல் கண்கலங்கிவிட்டாள். தேர்வில் பெரியம்மா சுலபமாகத் தேறினாள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார் மகா மரியாதைக்காரர். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த எடத்துல கொஞ்சம் வேகத்தைக் கொறச்சுக்கிட்டா நல்லாருக்கும்னு..." என்று அவர் முடிப்பதற்குள் வண்டி அந்த இடத்தைத் தாண்டி அடுத்த தெருவில் இருக்கும்.

"வாத்தியாரே, ஒரே வார்த்தைல சொல்லுங்க!"

"நில்லுங்க!" என்று அன்றுதான் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கத்தினார். கத்தியதற்காக வீடுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆனால் கத்திய இடத்தில் ஒரு காய்கறி வண்டி பிழைத்தது.

தேர்வு நாள் வந்தது. பரிசோதிக்க வந்த அதிகாரி ஒல்லியான பெண்மணி, புன்னகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. "ஓரமா நிறுத்துங்க" என்றார் அதிகாரி. பெரியம்மா நிறுத்திய இடம் பேருந்து நிறுத்தம். எச்சரிக்கை விளக்கைப் போடுவதாக நினைத்து அவள் அழுத்தியது கதவின் பொத்தான். கதவு திறந்தது. பையோடு நின்றிருந்த ஒருவர் சாவகாசமாக ஏறினார்.

"ஆஸ்பத்திரி போகுமா?"

"போகும், உக்காருங்க" என்றாள் பெரியம்மா. வந்தவரை உட்காரச் சொல்வது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

"இது டெஸ்ட் வண்டி!" என்றார் அதிகாரி.

"பரவால்லம்மா. நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்று ஏறியவர் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

அவரை இறக்குவதற்குள் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. அதிகாரி தாளில் பெரிதாக ஒரு கோடு போட்டார். "நல்லாத்தானே ஓட்டுறாங்க, ஏம்மா ஃபெயிலு?" என்று இறங்கியவர் நடைபாதையில் நின்று வாதாடியும் பிரயோஜனமில்லை.

பெரியம்மா அன்று கடை திறக்கவில்லை. மாமா போய்ப் பார்த்தார். இருட்டிய அறையில் ஒரு துணிமூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"விடுக்கா. நான் மூணு தடவை ஃபெயிலானவன்."

"அதத்தாண்டா நெனச்சுட்டிருக்கேன். உன்ன மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு."

மாமா கோபப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து அவரே வண்டியின் பொத்தான்களைப் படமாக வரைந்து அவளுக்குக் கேள்வி போட்டார். மின்சாமான் பிரிப்பவருக்குப் பொத்தான்தானே தெரியும். இரண்டாம் தேர்வுக்கும் அதே அதிகாரிதான் வந்தார். கதவு மூடியபடியே இருந்தது. "பாஸ்" என்று அவர் சொன்னபோது பெரியம்மா ஸ்டியரிங்கை விடாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எறங்கலாம்மா" என்று அதிகாரியே சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். முழங்கால் சரியாகிப் போனவர்கள்கூட வலிக்கிறது என்று வந்தார்கள். மாமா கடைசி சீட்டில் உட்கார்ந்து, "அக்கா, சைக்கிள்! அக்கா, நாய்!" என்று ஓயாமல் குரல் கொடுத்தார்.

"பாத்துட்டேன். நாயும் என்னப் பாத்துடுச்சு. நீ பேசாம வா."

நீச்சல்குளத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. சுத்தம் செய்கிறார்களாம், இன்று தண்ணீர் இல்லை. தலைவர் காவலாளியிடம் வாதாடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டுக்குப் போகலாமா என்று பெரியம்மா கேட்டாள். அவள் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் பார்த்தாள். தொப்பி போட்ட தலைகள் எல்லாம் ஆசையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏரிப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?"

"நீ எங்க வேணா ஓட்டுக்கா" என்றார் மாமா, கடைசி சீட்டிலிருந்து.