குவைத்து மாமா கொண்டுவந்த விளையாட்டு

நாகர்கோவிலில் தோழி வீட்டில், பிள்ளைகள் கோப்பைக்குள் பகடையைக் குலுக்கும் சத்தம் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகள்மேல் அல்ல, பெரியப்பாமேல்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் அம்மாவின் தம்பி குவைத்திலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். ஏணியும் பாம்பும், லூடோவும் மட்டுமே தெரிந்த எங்களுக்கு அது புதிது. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய சதுர அட்டையை எடுத்து, ரோட்டோடு ரோடும் ஆற்றோடு ஆறும் சேரும்படி வைக்க வேண்டும். படங்களைப் பார்த்தே அம்மா விதிகளைக் கண்டுபிடித்தாள். மத்தியானங்களில் தரையில் சம்மணமிட்டு எங்களோடு ஆடினாள். ஜெயித்தால் வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சபையில் மூப்பரான பெரியப்பா ஒருநாள் அந்தச் சிரிப்பைக் கேட்டு உள்ளே வந்தார்.

"இயேசுவைச் சிலுவையில அறைஞ்சிட்டு அவருக்க உடுப்புக்குச் சீட்டுப் போட்டவனுவளுக்க வேலை இது. குடும்பத்துப் பொம்பளைக்கு இது எதுக்கு?" என்றபடி பெட்டியைத் தூக்கி அடுப்பில் போட்டார். அப்பா தடுக்கவில்லை. அட்டைகள் எரிந்த அதே அடுப்பில் அம்மா மீன்கறி வைத்தாள். பிறகு எந்த விளையாட்டுக்கும் அவள் உட்காரவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாள். வாழ்த்திப் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். தோழி வீட்டு வாசலில் நின்றே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நான் பேசமாட்டேன்ம்மா. அவரு செஞ்சது எனக்கு மறக்கல்ல."

அம்மா சொன்னாள்: "நீ பேசாண்டாம் மக்கா. எனக்குப் பேசணும். மைக்கை எங்கையில தரச் சொல்லு."