ட்ரோன் பதிவும் கீரிமலை முகவரியும்

என் கணவர் முப்பது வருடம் தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை கோணலாக ஒட்டிய கடிதத்தைக் கண்டால் இன்றைக்கும் அவருடைய முகம் சுருங்கும். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் எங்கள் மகன் ஒரு ட்ரோனைப் பரிசாகக் கொடுத்தான். விடுமுறைக்கு வந்தவன், கொழும்பிலே வாங்கிக்கொண்டு வந்து, பெட்டியைப் பிரித்துக் காட்டி, “பதிஞ்சிட்டு ஏத்துங்கோ அப்பா” என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் போய்விட்டான்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஏற்றியிருப்பார்கள். பதியாமல் ஏற்றுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லாமல் இல்லை. இவரோ விதிகளைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதி, அலுமாரிக் கதவில் ஒட்டினார். எடை ஓர் அளவுக்கு மேலே போனால் பதியவேண்டும் என்று இருந்தது. ட்ரோனைச் சங்கக்கடைக்குக் கொண்டுபோய், பருப்பு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். பதியத்தான் வேண்டுமாம். இரவில் ஏற்றக்கூடாது, சனக்கூட்டத்துக்கு மேலே கூடாது, விமான நிலையத்துக்கும் படை முகாம்களுக்கும் கிட்டப் போகவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டி விடக்கூடாது என்ற விதி மட்டும் அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று.

“இதை எழுதினவர் நல்ல மனுசனா இருக்கவேணும்,” என்றார். “கண்ணாலை பாத்துக்கொண்டே இரு எண்டு எழுதியிருக்கிறார்.”

கொழும்புக்கு அனுப்பவேண்டிய பதிவு விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார். நிரந்தர முகவரி என்ற இடத்தில், எப்போதும் போல, கீரிமலை வீட்டை எழுதினார். தற்காலிக முகவரி என்ற இடத்தில் உரும்பிராய் வீட்டை எழுதினார்.

இந்த இடத்தில் என் கோபத்தைச் சொல்லிவிடவேண்டும். உரும்பிராய் வீடு எனக்கு என் அம்மா சீதனமாகத் தந்தது. இவர் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்குள் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. சண்டைக்குள் கீரிமலை வீட்டை விட்டு அவருடைய குடும்பம் இடம்பெயர்ந்தபோது இவர் இளந்தாரி. காணி இன்னும் படை முகாம் வேலிக்குள்ளே கிடக்கிறது. எங்கள் கலியாணப் பதிவில், வங்கிப் புத்தகத்தில், மகனின் பள்ளிக்கூடப் படிவத்தில் என்று எல்லாவற்றிலும் கீரிமலைதான் நிரந்தரம். நான் கூட்டிக் கழுவி, ஓடு மாற்றி, வெள்ளையடித்து வைத்திருக்கிற வீடு கடதாசியில் ஒரு மடம். இருபத்தெட்டு வருடம் யாராவது மடத்தில் தங்குவார்களா என்று கேட்டால் சிரிப்பார். சிரிப்பு பதிலாகுமா?

கொழும்பிலிருந்து பதில் வரும்வரைக்கும் ட்ரோன் பெட்டிக்குள் கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கண்ணயரும் நேரத்தில் அவர் அதைப் பறக்கவிடுவார். சாய்மனைக் கதிரையில் கையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே கீரிமலைக் கேணிக் கரையிலிருந்து கிளப்புவார். குளிக்கிறவர்களின் தலைக்கு மேலே எழும்பி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, பனங்கூடலைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோவார்.

“அங்கை விடச் சட்டம் இல்லையே,” என்றேன் ஒருநாள், பாயில் கிடந்தபடியே.

“நினைக்கிறதுக்குப் பதிவு தேவையில்லை,” என்றார்.

வளைந்து போகிற ஓர் ஒழுங்கை. அதன் முடிவில் தகரப் படலை. உள்ளே வலது பக்கத்தில் கிணறு, கிணற்றடியில் ஒரு தேசி மரம். பாதித் தூக்கத்தில் நானும் கூடவே போவேன். அவருடைய குரல் குறட்டையாக மாறிய பிறகும் என் பயணம் நிற்காது. என் வாழ்நாளில் காணாத அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் அள்ளியிருக்கிறேன். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் உவர். விழித்துப் பார்த்தால் உரும்பிராயின் நாலு மணி வெயில், சுவரில் முருங்கை நிழல் அசைந்துகொண்டிருக்கும், நாக்கில் மட்டும் அந்த உவர் இருக்கும். எந்த வீட்டில் படுத்திருக்கிறேன் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும். இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை, கோபமாக இருக்கிற மனுசி எப்படிச் சொல்வது?

ஒருநாள் காலையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ட்ரோன் பதிகிற கந்தோரிலிருந்து, தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளை. எனக்கும் கேட்கிற மாதிரி அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஐயா, நீங்க போட்டிருக்கிற நிரந்தர முகவரி, ட்ரோன் பறக்க ஏலாத பகுதிக்குள்ள வருது. மெஷின் அங்கயா இருக்கு?”

“இல்லைப் பிள்ளை. அது உரும்பிராயிலை என்னட்டை இருக்குது.”

“அப்ப அந்த வீட்டில யாரு இருக்காங்க?”

“ஒருத்தரும் இல்லை.”

மறுமுனையில் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளை மிகவும் தன்மையாகச் சொன்னாள். “அப்படின்னா ஐயா, நீங்களும் மெஷினும் இருக்கிற முகவரிய மட்டும் போட்டு அனுப்புங்க. ரெண்டு வேணாம்.”

“ஓம் பிள்ளை,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரித்தான் இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இருபத்தெட்டு வருடம் நான் வாதாடி வெல்லாத வழக்கை, முகம் தெரியாத ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் வென்று தந்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு மத்தியானம் ட்ரோன் பறக்கவில்லை. அடுத்த நாலு நாளும் பறக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஐந்தாம் நாள் புதிய படிவத்தை என் முன்னால் வைத்தார். “நீர் எழுதும். எனக்கு இண்டைக்கு எழுத்து ஓடேல்லை.”

கந்தோரில் எல்லோரும் மெச்சிய எழுத்து அவருடையது. பேனையை எடுத்து, இலக்கம், ஒழுங்கை, உரும்பிராய் என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். அவர் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பதிவிலக்கம் வந்துசேர்ந்தது. அதைச் சின்னத் துண்டில் எழுதி, கோணாமல் ஒட்டினார். அடுத்த ஞாயிறு காலையில் நீர்வேலியில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் வாழைத்தோட்டத்துக்குப் போனோம். ட்ரோன் எழும்பியதும், கையில் இருந்த திரையில் கிழிந்த வாழை இலைகளும் செம்மண் வரம்பும் தெரிந்தன. வரம்பில் என்னுடைய குடை ஒரு பொட்டு மாதிரி இருந்தது. இன்னும் மேலே போக, வாழைத்தோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பச்சையாகின. அவர் மெதுவாகக் கமராவை வடக்கே திருப்பினார். பனைத் தலைகள், அதற்கும் அப்பால் வெள்ளைப் புகாராக ஏதோ ஒன்று. கடலா வானமா என்று சொல்ல முடியவில்லை. அவர் அந்தப் புகாரில் ஓரிடத்தில் விரலை வைத்து, அப்படியே நின்றார்.

“வீடு தெரியுதோ?” என்று கேட்டேன்.

“வீடு இல்லை,” என்றார், திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல். “அஞ்சாறு வருசத்துக்கு முதல் மகன் சற்றலைற் படத்திலை தேடிக் காட்டினவன். சுவருமில்லை, கிணறுமில்லை. வெறும் பத்தைக் காடு.”

நான் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். “தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் அந்த முகவரியை எழுதினனீங்கள்?”

“அப்பாவும் அம்மாவும் செத்துப்போட்டினம். அண்ணை கனடா முகவரி எழுதுறார். நானும் எழுதாட்டி, அந்த இடத்துக்கு ஆர் இருக்கினம்?”

பற்றரி குறைகிறதென்று ட்ரோன் கத்தத் தொடங்கியது. அவர் நிமிர்ந்து, அதை ஒரு கணமும் கண்ணிலிருந்து விடாமல் மெல்ல இறக்கினார். நான் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். வெற்றி என்று நினைத்து நான் எழுதிய பெரிய எழுத்துகளை எண்ண வெட்கமாக இருந்தது. அவரைக் கொண்டே எழுதுவித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த கிழமை கண் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். புதிதாக அட்டை போடவேண்டும் என்று ஒரு தாளைத் தந்தார்கள். பெயரை எழுதினேன், வயதை எழுதினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் கீரிமலை வீட்டை எழுதினேன். ஒழுங்கையின் பெயரைக்கூட விடவில்லை. தாளை வாங்கிய பிள்ளை அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, கீரிமலையிலை இருந்தோ வாறியள்?”

“ஓம்,” என்றேன்.