கடைசிக் கட்டிலுக்கு ஒரு மாதம்

பிரசவ வார்டு நர்ஸின் முகம் எந்தத் தாய்க்கும் மறக்காது. பெயர்தான் ஒருத்திக்கும் தெரியாது. அந்த அறையில் படுத்துக் கத்தியவர்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்தவர்கள், என்னைப் போல உள்ளே நின்று இடுப்பு ஒடிந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில், புதுச்சேரி டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஒரு மாதம் போட்ட சண்டையைச் சொல்கிறேன். ஜெயித்தவள் சொல்வதால் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கே வந்தது

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வருஷம் நான் திட்டுகிற நர்ஸாகத்தான் இருந்தேன். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்தால், "வாயை மூடு, மூக்கால மூச்சு விடு, ஊர்ல நீ மட்டுந்தான் பெத்துக்கறியா?" என்பேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆறு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். ஒருத்தி கத்தினால் மற்ற ஐந்து பேரும் மிரண்டுவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் பின்னால் வந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு எனக்கே பிரசவம் வந்தது, அதே வார்டில். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். விதிப்படி என் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் போட்ட சத்தத்தில், மத்தியானத் தூக்கத்திலிருந்த வாட்ச்மேன் எழுந்து ஓடிவந்தாராம். எனக்குப் பிரசவம் பார்த்தது நான் பயிற்சி கொடுத்த பெண். மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "அக்கா, வாயை மூடிக்கினு மூக்கால மூச்சு விடுங்க. ஊர்ல நீங்க மட்டுந்தான் பெத்துக்கறீங்களா?"

ஒரு கட்டில்

லீவு முடிந்து வந்த முதல் நாளே பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். வலி எடுத்தவளுக்குப் பக்கத்தில் அவளுடைய பெண் துணை ஒருத்தர் இருக்கட்டும். அவள் நடக்கட்டும், உட்காரட்டும், அவளுக்கு எப்படி வசதியோ அப்படி இருக்கட்டும். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தனியாக வைக்காமல் உடனே தாய் மார்பில் போடுவோம் என்றேன்.

அவர் கேட்டார், யோசித்தார், ஜன்னலோரக் கடைசிக் கட்டிலை மட்டும் கொடுத்தார். ஒரு மாதம். அதற்குள் ஒரே ஒரு புகார் வந்தாலும் பழைய முறைதான், பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். தோற்றால் நான் மறுபடியும் அந்தத் திட்டுகிற வாயோடுதான் காலம் தள்ள வேண்டும். எங்கள் சீனியர் ரெஜினா சிஸ்டர் கடைசிக் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல ஆளை உள்ள விடுவ, அப்புறம் டிபன் கேரியர் வரும், அப்புறம் பாயும் தலகாணியும் வரும். நாலு நாள்ல நீயே துரத்துவ பாரு."

அண்ணி சொன்ன கதை

கடைசிக் கட்டிலுக்கு முதலில் வந்தவள் பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த செல்வி, மீன்காரக் குடும்பம். துணைக்கு அவளுடைய அண்ணி. அந்த அண்ணிக்கு வாய் ஓயாது. பக்கத்து வீட்டுக்காரி வலையை மாற்றி எடுத்துக்கொண்டு போனதில் தொடங்கி, பஞ்சாயத்து வரைக்கும் ஒரே கதை. செல்வி வராந்தாவில் நடந்தாள், வலி வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள், வலி விட்டதும் "அப்புறம் அவ என்னா சொன்னா?" என்று கேட்டாள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன், ஒளிப்பானேன்.

கதையில் பஞ்சாயத்துத் தீர்ப்பு வருவதற்குள் பெண் குழந்தை வந்துவிட்டது. ஈரம் துடைத்துத் தாய் மேல் போட்டேன். அது தானாகவே முட்டித் தேடிப் பிடித்துக்கொண்டது. வார்டில் எத்தனையோ பிறப்பு பார்த்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: "நான் என்னா பண்ணேன்? இடுப்பைத் தேய்ச்சிக்கினு ஊர் வம்பு பேசினேன், அவ்ளோதான்."

முதுகு ஊசி

அடுத்து வந்தது பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மகள் பாரீஸிலிருந்து அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "மதாம், அங்க எல்லாருக்கும் முதுகுல ஊசி போட்டுடறாங்க, வலியே தெரியாதாம். இங்க ஏன் போட மாட்டேங்கறீங்க?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வலியைத் தாங்கினால்தான் தாய் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்களிடம் அந்த ஊசி ஆபரேஷனுக்கு மட்டும்தான் இருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

ஊசி இல்லாததால் கையும் வெந்நீர்ப் பையும்தான். அவள் கட்டிலைப் பிடித்து நிற்க, அம்மாவும் நானும் மாற்றி மாற்றி இடுப்பை அழுத்திவிட்டோம். வலி வரும்போதெல்லாம் அவள் பிரெஞ்சில் ஏதோ உறுமினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ரெஜினா சிஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த வலிக்கு, சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "கொஞ்சம் நகரு" என்று என்னைத் தள்ளிவிட்டு, தானே இடுப்பை அழுத்தினார். பையன் பிறந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "ஊசி இருந்திருந்தா வாங்கியிருப்பேன் சிஸ்டர், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கையை எடுத்திருந்தா இங்கயே செத்திருப்பேன்."

வெள்ளிச் சங்கு

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் அரியாங்குப்பத்திலிருந்து மலர் வந்தாள். தாய் இல்லாத பெண், துணைக்கு மாமியார். கறாரான அம்மாள்தான், ஆனால் காலையிலிருந்து உட்காராமல் மருமகள் பக்கத்திலேயே நின்றார். அடுத்த கட்டிலில் பழைய முறைப்படி ஒரு சின்னப் பெண் தனியாகப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். மாமியார் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மலருக்குப் பையன் பிறந்தான். மார்பில் போடப் போனேன். மாமியார் கையைப் பிடித்துவிட்டார். முதலில் வருவது கெட்ட பால், பீச்சி ஊற்ற வேண்டும். வெளியே அவருடைய அண்ணன், ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர், வெள்ளிச் சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறார். அவர் அதை முதல் சொட்டாக நாக்கில் விட்டுச் சேனை வைத்தால்தான் பிள்ளைக்கு அவர் குணம் வரும் என்றார். மஞ்சளாக வருகிற அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பூசி மாதிரி என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப டாக்டர்கிட்ட போய்ச் சொல்றேன்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. இருபத்தேழு நாள் காப்பாற்றியது இரண்டு சொட்டுத் தண்ணீரில் போகப்போகிறது. கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது மலர், வியர்வையில் நனைந்து கிடந்தவள், தலையைத் தூக்கினாள். "என் குணம் வந்தா ஆவாதா அத்தே?"

மாமியார் விடுவிடுவென்று வெளியே போனார். நான் குழந்தையை மார்பில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பெரிய டாக்டரம்மாவும் ரெஜினா சிஸ்டரும் மாமியாரும் கட்டிலருகே வந்து நின்றார்கள். பையன் சப்புக் கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தான். "என்னம்மா புகார்?" என்றார் டாக்டரம்மா. மாமியார் பேரனைப் பார்த்தார், அடுத்த கட்டிலைப் பார்த்தார். "சேனை வெக்க வுடல. போனாப் போவுது, அவன்தான் குடிக்க ஆரம்பிச்சிட்டானே. பெரிய புகார் வேற. அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்டியாக் கத்துது, அதோட அம்மாவ மட்டும் ஏம்மா வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?"

ரெஜினா சிஸ்டர் யாரையும் கேட்காமல் போய்க் கதவைத் திறந்தார், டாக்டரம்மாவும் இனி எல்லாக் கட்டிலுக்கும் இதே முறை என்றார், அன்று சாயங்காலத்துக்குள் ஆறு கட்டிலுக்கும் துணை வந்துவிட்டது; அந்த மாதத்தில் வந்த ஒரே புகாரை எழுதி வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வார்டில் மாட்டாமல் விட்டதுதான் எனக்கு இன்றுவரை குறை.